மீம் இருப்பது தலைக்குள்ளா, வாசலிலா?

மீம் என்றதும் இப்போது வடிவேலு முகம்தான் நினைவுக்கு வரும். நான் பேச வந்தது அதற்கு முந்தைய மீமைப் பற்றி. 1976-இல் உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் ‘தி செல்ஃபிஷ் ஜீன்’ நூலில், ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுத்துக்கொண்டு பரவும் பண்பாட்டுக் கூறுக்கு அந்தப் பெயரை வைத்தார். மெட்டு, சொலவடை, உடை, பானை வனையும் விதம் எல்லாமே அதில் அடக்கம். 1982-இல் வந்த நூலில் இன்னும் கறாராக, மூளைக்குள் இருக்கும் தகவல்தான் மீம், வெளியே தெரிவதெல்லாம் அதன் விளைவு என்றார். 1998-இல் டெரெக் கேதரர் என்ற ஆய்வாளர் இதை மறுத்தார். தலைக்குள் இருப்பதை யாரும் பார்க்க முடியாது, எண்ணவும் முடியாது. கண்ணுக்குத் தெரிகிற செயலையும் பொருளையும் மட்டுமே மீம் என்று வைத்துக்கொள்வோம் என்பது அவர் வாதம்.

அறிவியல் என்று வந்தால் அளக்க முடிகிற ஒன்று வேண்டும்தான். ஆனால் செயலை எண்ணினால் மட்டும் போதுமா? இங்கிலாந்தில் டிட் என்ற சிறு பறவைகள் வாசலில் வைத்த பால் பாட்டிலின் மூடியைக் கொத்தித் திறந்து மேலே படிந்த பாலாடையைக் குடித்தன. 1921-இல் ஓர் ஊரில் கவனிக்கப்பட்ட இந்தப் பழக்கம் பிறகு நாடெங்கும் பரவியது. ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றது என்றே பலரும் நினைத்தார்கள். 1984-இல் ஷெரி, கேலஃப் என்ற இரு ஆய்வாளர்கள் அதே குடும்பத்தைச் சேர்ந்த வட அமெரிக்கப் பறவைகளை வைத்துச் சோதித்தார்கள். இன்னொரு பறவை திறப்பதைப் பார்க்காமல், ஏற்கெனவே திறந்து கிடந்த டப்பாவில் குடித்துப் பழகிய பறவைகளும் மூடியைத் திறக்கக் கற்றுக்கொண்டன. ஆக, செயல் பரவியிருப்பதை வைத்தே ஒன்றைப் பார்த்து ஒன்று செய்தது என்று சொல்லிவிட முடியாது.

எங்கள் அத்தை சிக்குக் கோலம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். போன மார்கழியில் பக்கத்து வீட்டுப் பெண் போனில் ஒரு கோலப் படத்தை வைத்துக்கொண்டு போட்டாள். 7 புள்ளி, 4 வரை, ஊடுபுள்ளி. படத்தில் ஒரு வளைவின் மேல் சைக்கிள் டயர் ஏறி மாவு அழிந்திருந்தது. அவள் அந்த இடைவெளியையும் அப்படியே விட்டாள். அத்தை எட்டிப் பார்த்து, “கோடு அந்தரத்துல நிக்குமாடி?” என்று கேட்டபடியே குனிந்து ஒரே இழுப்பில் வளைவை முடித்தார். அவர் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு புள்ளியையும் கோடு சுற்ற வேண்டும், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து சேர வேண்டும்: அவர் கைக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

இருவரும் போட்டது, பார்த்தால் கிட்டத்தட்ட ஒரே கோலம். ஒருவரிடம் பிழை அப்படியே அடுத்த வாசலுக்குப் போகும், மற்றவரிடம் அங்கேயே நின்றுவிடும். இந்த வித்தியாசம் மாவில் இல்லை.

சரி, அப்படியானால் தலைக்குள் இருப்பதை ஆராயவே முடியாதா? முடியும். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1974-இலேயே கோலங்களை இலக்கண விதிகளாக எழுதிக் காட்டிவிட்டார்கள். விதியைத் தாளில் எழுத முடிகிறபோது, அது கண்ணுக்கு எட்டாதது என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

அந்தப் பெண் இப்போது போனைப் பார்ப்பதில்லை. பொங்கலன்று அவள் போட்ட 9 புள்ளிக் கோலம் அத்தையே இதுவரை போடாதது. செயலை மட்டும் எண்ணுகிறவர் கணக்கில் அது யாரிடமிருந்தும் வராத புதுக் கோலம். அத்தையோ நின்று பார்த்துவிட்டு, “நம்ம வீட்டுக் கோலம்” என்றார்.