தவளை எப்போது கத்தும்?

தூக்கம் வரவில்லை என்று யாரிடமாவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும், ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். என் அதிர்ஷ்டம், எல்லோரும் ஒரே வைத்தியத்தைச் சொன்னார்கள். "மெல்லிசா ஏதாவது பாட்டு போட்டுட்டுப் படுங்க." எந்தப் பாட்டு என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அதை நானே தேர்ந்தெடுக்க வேண்டும். அதுவும் ராத்திரி பதினோரு மணிக்கு, மல்லாந்து படுத்து, வெளிச்சம் அடிக்கும் செல்போனை மூக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. தள்ளத் தள்ளப் பட்டியல் வந்துகொண்டே இருக்கும். ஒருவழியாக ஒரு பாட்டை முடிவு செய்வதற்குள், வருகிற மாதிரி இருந்த தூக்கமும் காத்திருந்து பார்த்துவிட்டுப் போயிருக்கும்.

முதலில் எனக்குப் பிடித்த பாட்டுகளைத்தான் போட்டேன். பிடித்த பாட்டு என்றால் காது எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. இடையிசையில் அந்தப் புல்லாங்குழல் இதோ வரப்போகிறது, இதோ என்று எதிர்பார்க்கிறேன். வந்ததும் 'ஆகா' என்கிறேன். ஆகா சொல்கிறவன் எப்படித் தூங்குவான்? சரி, பிடிக்காததைப் போடலாம் என்றால் எரிச்சல் வருகிறது. இதையெல்லாம் எதற்கு எடுத்தார்கள், யார் கேட்டார்கள் என்று மனசுக்குள் விமர்சனமே எழுத ஆரம்பித்துவிடுகிறேன். பிடிக்கவும் கூடாது, பிடிக்காமலும் போகக் கூடாது. இப்படித் தகுதி வைத்துத் தேடினால் மாப்பிள்ளைகூடக் கிடைக்க மாட்டான்.

"வார்த்தை இருக்கறதாலதான் கவனம் போகுது. வெறும் வீணையில வாசிச்ச பாட்டா போடுங்க" என்றாள் மனைவி. நல்ல யோசனையாகத்தான் பட்டது. வீணை பல்லவியை எடுத்ததும் என் மூளை தானாகவே வார்த்தைகளைப் போட்டுக்கொள்ளத் தொடங்கியது. பல்லவி சுலபம். முதல் சரணமும் வந்துவிட்டது. இரண்டாம் சரணத்தில் மூன்றாவது வரி வரவில்லை. வீணை அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, நான் மட்டும் அந்த வரியிலேயே நிற்கிறேன். ஒன்றரை மணிக்கு எழுந்து தேடிப் பார்த்த பிறகுதான் மனசு ஆறியது.

பிறகு படித்தால், இது என் மூளைக்கு மட்டும் உள்ள கோளாறு இல்லையாம். அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ஸ்கல்லினும் அவருடைய குழுவினரும் இதையே ஆராய்ந்து 2021இல் வெளியிட்டிருக்கிறார்கள். படுக்கும் முன் கேட்ட பாட்டு மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்து தூக்கத்தைக் கெடுக்கிறது. தெரிந்த பாட்டை வார்த்தையில்லாமல் கேட்டவர்களுக்குத்தான் அந்தத் தொல்லை இன்னும் அதிகம். யோசனை சொன்னவளிடம் இதைப் படித்துக் காட்டலாம் என்று திரும்பினேன். அவள் தூங்கியிருந்தாள். அவளுக்குப் பாட்டெல்லாம் வேண்டாம், தலையணை போதும்.

அப்புறம் விஞ்ஞானத்தின் பக்கம் போனேன். மார்கோனி யூனியன் என்ற பிரிட்டன் குழு, ஒலி சிகிச்சை செய்பவர்களோடு சேர்ந்து 2011இல் 'வெயிட்லெஸ்' என்று ஓர் இசையை அமைத்தது. நிமிடத்துக்கு 60 தட்டு என்ற வேகத்தில் தொடங்கி, மெல்ல மெல்ல 50க்கு இறங்கும். இதயத் துடிப்பும் கூடவே இறங்கிவிடும் என்பது கணக்கு. நான் சும்மா படுத்திருந்தால் ஒருவேளை இறங்கியிருக்கும். இறங்குகிறதா என்று கைக்கடிகாரத்தில் பார்த்தேன். 74. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன். 78. ஏன் ஏறுகிறது என்ற கவலையில் 83. பாட்டு 50க்குப் போய் முடிந்தபோது நாங்கள் இருவரும் வெகுதூரம் பிரிந்திருந்தோம்.

'அமைதியான கிளாசிக்கல்' என்று ஒரு தொகுப்பு கிடைத்தது. அதைத் தொகுத்தவர், நிச்சயமாக எந்தப் பாட்டையும் முழுதாகக் கேட்டிருக்க மாட்டார். இல்லாவிட்டால் ஹைடன் என்ற ஆஸ்திரிய இசையமைப்பாளரின் 94ஆவது சிம்பொனியின் இரண்டாம் பகுதியை அதில் சேர்ப்பாரா? முதலில் மெல்லிய மெட்டு. அதே மெட்டு மறுபடியும், இன்னும் மெலிதாக. இமை கனக்கிறது. அந்த நேரம் பார்த்து மொத்த வாத்தியக் குழுவும் முரசோடு சேர்ந்து 'டமால்' என்று ஒரு போடு. தூங்கிக்கொண்டிருந்தவள் எழுந்து உட்கார்ந்து, "என்னங்க விழுந்துச்சு?" என்றாள். 1792இல் லண்டனில் முதன்முதலாக வாசிக்கப்பட்ட அந்தச் சிம்பொனிக்கு இதனால்தான் 'சர்ப்ரைஸ்' என்று பெயர். கச்சேரியில் தூங்குகிறவர்களை எழுப்பத்தான் அந்த அடி என்று ஒரு கதையும் உண்டு. ஹைடனிடமே கேட்டதற்கு, அதெல்லாம் இல்லை, புதிதாக ஏதாவது செய்து ஆச்சரியப்படுத்த நினைத்தேன் என்றாராம். அதை என் மனைவியிடம் வந்து சொல்லச் சொல்லுங்கள்.

அதோடு இசையே வேண்டாம், வெறும் இரைச்சல் போதும் என்ற முடிவுக்கு வந்தேன். இதிலும் வகைகள் இருக்கின்றன. எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே அளவு சக்தி இருந்தால் ஒயிட் நாய்ஸ். ஒவ்வொரு ஸ்தாயி ஏறும்போதும் 3 டெசிபல் குறைந்துகொண்டே போனால் பிங்க், 6 டெசிபல் குறைந்தால் பிரவுன். திடீரென்று வரும் வெளிச் சத்தங்களை இந்தச் சீரான இரைச்சல் மூடிவிடும் என்பதால் பலருக்கு இது உதவுகிறது. மூன்றையும் போட்டுக் காட்டினேன். மனைவி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஃபேன் ஏற்கெனவே ஓடிட்டுத்தானே இருக்கு?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

மழைச் சத்தம் அவளுக்கும் பிடித்திருந்தது. எனக்குப் படுத்ததும் ஒரு தடவை பாத்ரூம் போகவேண்டி வரும், அவ்வளவுதான் அதில் உள்ள குறை. மற்றபடி அருமையான மழை. ஓட்டில் விழுவது ஒரு பக்கம், இலையில் விழுவது ஒரு பக்கம், எங்கோ தூரத்தில் உருண்டு போகும் இடி. கண் சொருகிக்கொண்டு வரும்போதுதான் கவனித்தேன். ஒரு தவளை. ஒரே ஒரு தடவை 'க்ராக்' என்றது. அழகாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதே தவளை, அதே 'க்ராக்', அதற்கு முன்னால் அதே இடி. பத்து நிமிடப் பதிவைத்தான் இவர்கள் சுற்றிச் சுற்றி ஓட விடுகிறார்கள்.

இது தெரியாமல் இருந்திருந்தால் தூங்கியிருப்பேன். தெரிந்த பிறகு அது மழையாக இல்லை, தவளையின் அறிவிப்பு நிகழ்ச்சியாகிவிட்டது. இடி உருண்டதும் உடம்பு விறைத்துக்கொள்ளும். இதோ வரப்போகிறது. க்ராக். அப்பாடா. அடுத்தது வர இன்னும் எவ்வளவு நேரம் என்று மனசு கணக்குப் போடும். புல்லாங்குழலுக்குக் காத்திருந்ததிலாவது ஒரு மரியாதை இருந்தது.

பக்கத்தில் இவள் நிம்மதியாகத் தூங்குகிறாள். எத்தனை நாள்தான் ஒருவனே தவளையைச் சுமப்பது? ஒரு நாள் ராத்திரி, படுத்த கையோடு, "அந்தத் தவளைய கவனிச்சிருக்கியா?" என்றேன்.

"எந்தத் தவளை?"

"இடிக்கு அப்புறம் வரும் பாரு."

நள்ளிரவில் என் தோளில் ஒரு தட்டு விழுந்தது. "ஏங்க, இப்ப கத்தணுமே, இன்னும் கத்தலையே?" இருட்டில் இருவரும் மல்லாந்து படுத்துக் காத்திருந்தோம். கத்தியது. "கத்திடுச்சு" என்றாள். எங்கள் இல்லற வாழ்க்கையில் இவ்வளவு ஒற்றுமையை நான் பார்த்ததில்லை.

இந்த நிலையில்தான் மாமனார் வந்தார். சங்கீதத்தில் ஊறியவர். தூங்க வைப்பதற்கென்றே கர்நாடக சங்கீதத்தில் ஒரு ராகம் இருக்கிறது, நீலாம்பரி. சங்கராபரண ராகத்திலிருந்து பிறந்தது, தாலாட்டுக்குப் பேர்போனது. மாமனார் வந்திருக்கும் நேரம், மரியாதையாகவும் இருக்கும் என்று வயலினில் வாசித்த ஒரு நீலாம்பரி ஆலாபனையை மெதுவாக வைத்தேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. அறைக் கதவருகே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"யாரு மாப்பிள்ளை வாசிக்கறது?"

"தெரியல மாமா. தூங்கறதுக்காகப் போட்டது."

"தூங்கறதுக்கா! எழுந்து உக்காந்து கேளுங்க. தியாகையர் ராமனை ஊஞ்சல் ஆட்டினதே இந்த ராகத்துலதான். இறங்கும்போது நேரா இறங்காம எப்படி வளைஞ்சு வர்றது பாத்தீங்களா?"

உட்கார்ந்தேன். ஆலாபனை முடிந்து கீர்த்தனை தொடங்கியதும் தொடையில் தாளம் விழுந்தது. தனி ஆவர்த்தனம் வரைக்கும் கேட்டுவிட்டு, "சின்ன வயசுல எனக்கு இதைக் கேட்டா தூக்கமே வராது" என்று சொல்லி எழுந்து போனார். ராகத்தின் மேல் குற்றம் இல்லை. அது குழந்தைகளுக்கானது. குழந்தைகளுக்கு அந்த வளைந்து இறங்கும் வக்கிரப் பிரயோகத்தைப் பற்றி யாரும் விளக்குவதில்லை.

ஆனால் மறுநாள் வழி சொன்னதும் அவர்தான். "வெறும் தம்புராவை ஓட விடுங்க." போட்டுப் பார்த்தேன். நாலே தந்தி: பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம். மறுபடியும் பஞ்சமம். மெட்டு கிடையாது, தாளம் கிடையாது, வார்த்தை கிடையாது. அடுத்து என்ன வரும் என்ற கேள்விக்கே அதில் இடமில்லை, வரப்போவது வந்ததேதான். எப்போது தூங்கினேன் என்று எனக்கே தெரியாது.

கூடத்தில் படுத்திருந்த மாமனாருக்குத்தான் அது வேறு மாதிரி வேலை செய்தது. சுருதி ஓடிக்கொண்டிருக்கிறது, பாட யாரும் இல்லை. ரசிகரால் எத்தனை நேரம் பொறுக்க முடியும்? அடுத்த நாளிலிருந்து பதினொன்றே காலுக்குக் கூடத்தில் தொண்டை செருமும் சத்தம் கேட்கும். பிறகு மெல்லிய குரலில் பாட ஆரம்பிப்பார். மனைவி அனுபல்லவிக்கு முன்பே தூங்கிவிடுவாள். சின்ன வயதிலிருந்து கேட்ட குரல், அவளுக்கு அது போதும். நான் சரணம் முடிந்ததும் தூங்குவேன். நடுவில் தூங்கினால் மரியாதையாக இருக்காது.

போன வாரம் மாமனார் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார். அன்று ராத்திரி தம்புராவைப் போட்டேன். பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம். பக்கத்தில் புரளும் சத்தம். எனக்குப் பழக்கமான புரளல்தான்.

"தூக்கம் வரலையா?"

"சுருதி கேட்டுட்டே இருக்கு, பாட்டு வரலையே" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்கதான் ரெண்டு வரி பாடுங்களேன்" என்றாள்.

தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினேன். முதல் வரி முடிவதற்குள் அவள் கை இருட்டில் என் செல்போனைத் தேடி எடுத்து நீட்டியது.

"வேண்டாங்க. அந்தத் தவளையையே போட்டுடுங்க."