22ஆம் தேதிக்குள்

மே 3, சனி

ரோலர் கோஸ்டருக்கு 70 நிமிடம் என்று பலகையில் போட்டிருந்தது. நின்றோம். முக்கால் மணி நேரம் வரிசை நன்றாகவே நகர்ந்தது. தலைக்கு மேல் ரயில் போகும்போதெல்லாம் பக்கத்துக் கம்பி அதிரும், மகள் என் கையை இறுக்கிப் பிடிப்பாள். அப்புறம் ஒரு ரயில் போனது. அடுத்தது வரவில்லை. சத்தம் நின்றது எனக்கு உறைப்பதற்குள் அவள் மேலே பார்த்துவிட்டாள். ஏற்றத்தின் பாதியில் ரயில் நின்றிருந்தது. அதில் இருந்தவர்கள் கீழே இருப்பவர்களைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள், முதலில் விளையாட்டாக.

"தொழில்நுட்பக் காரணங்களால் இயக்கம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது. பொறுமை காக்கவும்." பதிவு செய்த குரல். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அதே குரல், அதே வாக்கியம். தற்காலிகம் என்றால் எவ்வளவு? பத்து நிமிடமா, சாயங்காலம் வரையா? யாரும் சொல்லவில்லை. பின்னால் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. வாசலில் நின்ற பையனுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். அவனிடம் ஒருவர் கத்தினார். அவன் "எனக்கும் தெரியாது சார்" என்றான். உண்மையாகத்தான் சொன்னான், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து, இன்று திறக்காது என்றார்கள்.

காரில் ஏறும் வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம், "இன்னும் ரெண்டு சனிக்கிழமை இருக்கு இல்லம்மா?" என்றாள்.

மே 4, ஞாயிறு

கோபம் இன்னும் போகவில்லை.

மே 6, செவ்வாய்

தூக்கம் வராததால் ராத்திரி உட்கார்ந்து படித்தேன். இவை ஏன் இப்படி அடிக்கடி நிற்கின்றன என்று தெரியாமல் என்னால் இருக்க முடியவில்லை.

தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு துண்டுக்குப் பிளாக் என்று பெயர். ஒரு பிளாக்கில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு ரயில்தான் இருக்கலாம். முன்னால் போன ரயில் அடுத்த பிளாக்கைக் காலி செய்துவிட்டது என்று சென்சார் சொன்னால்தான் பின்னால் வருவதை விடுவார்கள். சென்சார் சொல்லவில்லை என்றால், அல்லது இரண்டு சென்சார்கள் இரண்டு விதமாகச் சொன்னால், கம்ப்யூட்டர் எதையும் ஊகிக்காது. உள்ளே ரயில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் நிறுத்தும். தண்டவாளம் உண்மையில் காலியாக இருக்கலாம். ஒரு சென்சார் இம்மி நகர்ந்திருக்கலாம், ஒரு ஒயர் தளர்ந்திருக்கலாம். அதற்கு வித்தியாசம் தெரியாது. ஆள் போய்ப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும்.

அப்படியானால் அன்றைக்கு நின்றது கெட்டுப்போய் நின்றதில்லை. சந்தேகம் வந்து நின்றது. இதை அந்தப் பதிவுக் குரல் இரண்டு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாமே. வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் புரிந்திருக்கும்.

மே 7, புதன்

முதுகெலும்பு வளைவு 52 டிகிரி. போன தடவை 47.

மே 10, சனி

கதவு திறப்பதற்கு முன்பே போய் நின்றோம். உள்ளே விட்டதும் அவள் ஓடப் பார்த்தாள், நான் தடுத்தேன், அப்புறம் நானே சேர்ந்து ஓடினேன். போனால் வாசலில் சங்கிலி. காலி ரயிலைச் சுற்ற விட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். தினமும் காலையில் அப்படித்தான் செய்வார்கள், அது நல்லதுதான். ஆனால் பத்து மணி பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. போனில் பார்க் செயலியைத் திறந்தால் "மூடப்பட்டுள்ளது". எப்போது என்று இல்லை.

இரண்டு மணிக்குத் திறந்தார்கள். வரிசையில் நாங்கள் முன்னால்தான். இன்னும் நாலு வரிசை போனால் எங்கள் முறை. 2.40க்கு நின்றது.

இதில் எனக்குப் பொறுக்காதது ஒன்று. ஒரு மணி நேரம் நின்றோம். அவளுக்கு ரொம்ப நேரம் நிற்க முடியாது, முதுகைக் கம்பியில் சாய்த்து மாற்றி மாற்றி நின்றாள். முகத்தில் காட்டிக்கொள்ளவே இல்லை. நான்தான் போகலாம் என்றேன். அவள் மாட்டேன் என்றாள். வற்புறுத்தி வெளியே கூட்டிவந்தேன். பார்க் வாசலை அடைவதற்குள் பின்னால் அந்தச் சத்தம். ரயில் ஓடுகிறது. வரிசைக்கு இப்போதுதான் வந்தவர்கள் நடந்து போய் நேராக ஏறுகிறார்கள். காலையிலிருந்து நின்றவர்கள் வெளியே. திரும்பிப் போனோம். பலகையில் 90 நிமிடம். அவளால் முடியாது.

"இன்னும் பத்து நிமிடம் பாருங்கள்" என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும். நிற்பதா போவதா என்று நாங்களே முடிவு செய்யும்படி எதையாவது சொல்லியிருந்தால் போதும். இயந்திரம் நிற்பதை நான் மன்னித்துவிடுவேன். ஆயிரம் பேரை வெயிலில் நிறுத்திவிட்டு வாயைத் திறக்காமல் இருப்பதை மன்னிக்க முடியவில்லை.

தவறு என்னுடையதும்தான். ஏன் அவசரப்பட்டேன்?

மே 11, ஞாயிறு

பத்து நிமிடம். இன்னும் பத்தே நிமிடம் நின்றிருக்கலாம்.

மே 12, திங்கள்

2015 ஜூன் 2, இங்கிலாந்து, ஆல்டன் டவர்ஸ் பார்க்கில் ஸ்மைலர் என்ற ரோலர் கோஸ்டர். 14 முறை தலைகீழாகப் போகும். இதைப் பற்றிப் படிக்காமலே இருந்திருக்கலாம். ஆனால் படித்துவிட்டேன்.

காலி ரயில் ஒன்றைச் சோதனைக்கு விட்டிருக்கிறார்கள். அது முழுச் சுற்றுப் போகாமல் நடுப் பள்ளத்தில் நின்றுவிட்டது. காற்று பலமாக அடித்த நாள். பின்னால் 16 பேரோடு இன்னொரு ரயில் ஏற்றத்தில் இருந்தது. கம்ப்யூட்டர் அதைச் சரியாக நிறுத்திவிட்டது, முன்னால் பிளாக் காலி இல்லை என்று. பொறியாளர்களுக்கு உள்ளே இன்னொரு ரயில் இருப்பது தெரியாது. கம்ப்யூட்டர்தான் தப்பாகச் சொல்கிறது என்று நினைத்தார்கள். நிறுத்தத்தை மீறி ரயிலை விட்டார்கள். அது போய்க் காலி ரயிலில் மோதியது. இரண்டு இளம்பெண்கள் ஆளுக்கு ஒரு காலை இழந்தார்கள். நடத்திய நிறுவனத்துக்கு அடுத்த வருடம் நீதிமன்றம் 50 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது.

இயந்திரம் சரியாகத்தான் நின்றது. மனிதர்கள் அதை நம்பவில்லை.

அந்த வரிசையிலும் ஜனங்கள் நின்றிருப்பார்கள். யாராவது கத்தியிருப்பார்கள், எவ்வளவு நேரம் என்று. அந்தப் பையனிடம் நானும் ஏறக்குறைய கத்தியிருப்பேன், 3ஆம் தேதி. வாய் வரை வந்தது.

மே 13, செவ்வாய்

டாக்டரிடம் போனோம். எல்லாவற்றையும் விளக்கினார். 22ஆம் தேதி முதுகு அறுவை சிகிச்சைக்கு ஆறு மணி நேரம் ஆகலாம். தலையிலும் கால்களிலும் ஒயர் வைத்து நரம்பு வழியே சிக்னல் போகிறதா என்று முழு நேரமும் பார்த்துக்கொண்டே இருப்பார்களாம்.

"சிக்னல் கொறஞ்சா?" என்று கேட்டது அவள்தான், நான் இல்லை.

"நிறுத்திடுவோம்."

"நிறுத்திட்டு?"

"ஏன்னு பாப்போம். பாக்காம மேல போக மாட்டோம்."

ஒயர் சும்மா தளர்ந்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டேன். அதையும் பார்ப்போம், எதுவானாலும் முதலில் நிறுத்துவோம் என்றார். வெளியே வந்து மறுபடி உள்ளே போய் இன்னொரு தடவை கேட்டேன். அதே பதிலைக் கோபப்படாமல் சொன்னார். அதற்கப்புறம் ஒரு வருடம் ரோலர் கோஸ்டர் எல்லாம் கூடாது என்பதையும் மறுபடி சொன்னார். அது எங்களுக்கு முன்பே தெரியும்.

மே 14, புதன்

இன்று நல்ல நாள். ராத்திரி முழுக்க அவள்தான் பேசினாள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அமெரிக்காவில் கிங்டா கா என்று ஒன்று இருந்ததாம். 139 மீட்டர் உயரம், மணிக்கு 206 கிலோமீட்டர். கீழேயிருந்து ஒரே தள்ளாகத் தள்ளிவிடுவார்கள். சில நாள் அந்தத் தள்ளு கொஞ்சம் போதாமல் போய்விடும். ரயில் உச்சி வரை போய்த் தயங்கி, பின்னாலேயே திரும்பி வரும். கீழே காந்த பிரேக் பிடித்துக்கொள்ளும், அதற்குக் கரண்டே வேண்டாமாம், கரண்ட் போனாலும் பிடிக்கும். அப்படித் திரும்பி வருவது கிடைக்காதா என்று வேண்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டாம். 2005ல் திறந்த வருடமே தள்ளிவிடும் பகுதி பழுதாகி ரொம்ப நாள் மூடிக் கிடந்ததாம். 2024ல் ஒரேயடியாக மூடி, 2025 பிப்ரவரியில் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். இதைச் சொல்லும்போது தெரிந்தவர் ஒருவர் போய்விட்ட மாதிரி சொன்னாள்.

அங்கேயே இன்னொரு ரோலர் கோஸ்டர், டாப் த்ரில் 2 பற்றியும் சொன்னாள். 2024 மே மாதம் திறந்தார்கள், ஏறக்குறைய ஒரு வாரம்தான் ஓடியது, அந்த சீசன் முழுக்க மறுபடி திறக்கவே இல்லை. "அதுக்குன்னே டிக்கெட் போட்டு தூரத்துலேர்ந்து வந்தவங்க எல்லாம் என்னம்மா பண்ணியிருப்பாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வேலியோரம் நின்று பார்த்திருப்பார்கள்.

மே 16, வெள்ளி

நாளை. மழை வேண்டாம். இடி வேண்டாம். காற்று வேண்டாம்.

மே 17, சனி

ஏறினோம்.

கடைசிப் பெட்டியில் இடம் கிடைத்தது. அவள் கேட்டது அதுதான். தோள் மேல் கம்பி இறங்கியது, பெல்ட்டை இழுத்துப் பார்த்தார்கள், கட்டைவிரலைக் காட்டினார்கள். ரயில் கிளம்பியது. ஏற்றத்தில் கடகட கடகட என்று அந்தச் சத்தம். சங்கிலி அறுந்தாலும் ரயில் பின்னால் போகாமல் தடுக்கும் கொக்கிகள் ஒவ்வொரு பல்லாக விழும் சத்தம் அது. அவள்தான் சொல்லியிருந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு அதை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கட. நின்றது.

முன்னால் யாரோ ஐயோ என்றார்கள். கண்ணைத் திறந்தேன். உச்சிக்குக் கொஞ்சம் கீழே. முன் வரிசைக்காரர்களுக்கு ஒருவேளை மறுபக்கம் தெரிந்திருக்கும். எங்களுக்கு வானம்தான் தெரிந்தது. நான் அவளைத்தான் பார்த்தேன். அவள் அழவில்லை. "பிளாக் காலியாகலை போல" என்றாள், ஸ்டேஷனில் நிற்கும் ரயிலைப் பற்றிச் சொல்வது போல.

பத்து நிமிடத்தில் ஒரு பெண் பக்கப் படிக்கட்டில் ஏறி வந்தார். நாற்பது வயது இருக்கும், இடுப்பில் கொக்கிக் கயிறு. ஒவ்வொரு வரிசையாக நின்று, குனிந்து, கண்ணைப் பார்த்துப் பேசினார். "கடைசி பிரேக்கில் இருக்கிற ஒரு சென்சார், அங்கே ரயில் இருக்கிறதாகச் சொல்கிறது. ரயில் இல்லை, நாங்கள் பார்த்துவிட்டோம். ஆனாலும் ஏன் அப்படிச் சொல்கிறது என்று தெரியாமல் உங்களை அனுப்ப மாட்டேன். இன்னும் கால் மணி நேரம் பார்ப்போம். முடியவில்லை என்றால் நடந்து இறங்கலாம். யாருக்காவது உடம்புக்கு ஏதாவது இருக்கிறதா?"

முதல் முறையாக ஒருவர் சொன்னார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. முதுகைப் பற்றி அவரிடம் சொன்னேன். எங்களை முதலில் இறக்குவதாகச் சொன்னார்.

கால் மணி நேரம் என்றால் கால் மணி நேரம்தான். அப்புறம் ஒவ்வொரு வரிசையாகப் பூட்டைத் திறந்தார்கள், எங்களை முதலில். கைப்பிடியை விடாமல் இறங்கினோம். அவள் எண்ணினாள், 138 படி. கீழே எல்லோருக்கும் இன்னொரு நாள் வர ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். சிலர் அதைக் கிழித்துப் போட்டார்கள், அவர்கள் கோபத்தில் தப்பில்லை. நான் அந்தப் பெண்ணைத் தேடி நன்றி சொல்லப் போனேன். அவர் மறுபடி மேலே ஏறிக்கொண்டிருந்தார்.

"மேலேர்ந்து முழு டிராக்கும் தெரிஞ்சுதும்மா. இறங்கும்போது. யாருக்குமே அப்படிக் கிடைக்காது."

மே 18, ஞாயிறு

காலையிலிருந்து வரைந்துகொண்டிருக்கிறாள். ஏற்றம், முதல் இறக்கம், இரண்டு வளையம், கடைசி பிரேக். எந்த இடத்தில் நின்றோம் என்று சிவப்பில் ஒரு புள்ளி.

எனக்குக் கோபம் திரும்ப வந்துவிட்டது. நிற்பது பாதுகாப்புக்காக என்பது சரி, முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூன்று சனிக்கிழமை போனோம், மூன்று சனிக்கிழமையும் நின்றது. அதே சென்சாராக இருந்தால் 3ஆம் தேதியே மாற்றியிருக்க வேண்டாமா? உதிரிபாகம் இல்லையா, ஆள் இல்லையா, கூட்டம் இருக்கும் நாளில் மூட மனம் வரவில்லையா? பாதுகாப்பு என்ற நல்ல வார்த்தைக்குப் பின்னால் பராமரிப்பு இல்லாததை ஒளிக்கக் கூடாது. அந்தப் பெண் அத்தனை படி ஏறி வந்து சொல்ல வேண்டியதை நிர்வாகம் ஒரு பலகையில் எழுதி வைத்திருக்கலாம். இதையெல்லாம் கடிதமாக எழுதினேன். அவர் பெயர் தெரியாது, அதனால் "17ஆம் தேதி படி ஏறி வந்தவர்" என்று குறிப்பிட்டு, அவரைப் பாராட்ட வேண்டும் என்று முதல் வரியில் போட்டேன்.

மே 19, திங்கள்

"மறு அறிவிப்பு வரை மூடப்பட்டுள்ளது." எனக்கு முன்னால் அவள் பார்த்துவிட்டாள்.

மே 20, செவ்வாய்

பை கட்டியாயிற்று. சீட்டை எங்கே வைத்தாய் என்று கேட்டாள். தேதி போட்டிருக்கிறதா என்று கேட்டாள். எடுத்துப் பார்த்தேன், ஒரு வருடம் செல்லும். 17லிருந்து ஒரு வருடம். ஐந்து நாள் குறைகிறது.

இன்னொரு கடிதம் எழுத வேண்டும்.

மே 21, புதன்

அந்தப் படத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். நர்ஸ் எடுக்கச் சொல்லவில்லை.

மே 22, வியாழன்

7.50க்கு உள்ளே கூட்டிப் போனார்கள்.

ஆறு மணி நேரம் என்றார்கள். இப்போது மணி மூன்றாகிறது. சுவரில் பலகை இருக்கிறது, அவள் எண்ணுக்கு நேரே "நடைபெறுகிறது". அவ்வளவுதான். காலையிலிருந்து அதே வார்த்தை. பக்கத்தில் இருந்தவர் எழுந்து போய் மேசையில் இருந்த பெண்ணிடம் கத்திவிட்டு வந்தார். நான் போகவில்லை.

3.20. நர்ஸ் வந்தார். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நடுவில் ஒரு தடவை நிறுத்தினார்களாம், இடது கால் சிக்னல் குறைந்ததாம். ஏன் என்று பார்த்து, சரி செய்து, சிக்னல் திரும்ப வந்த பிறகுதான் தொடர்ந்தார்களாம். அதனால்தான் தாமதம். இன்னும் ஒரு மணி நேரம் என்றார்.