நாற்றுத்தட்டும் தொட்டியும்: முதலில் ஆழத்தைப் பாருங்கள்

பசுமைக்குடிலுக்குத் தட்டுகளும் தொட்டிகளும் வாங்கும் பலர், குழிகளின் எண்ணிக்கையையும் தொட்டியின் வாயகலத்தையும் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது ஆழத்தைத்தான். வேருக்கு எவ்வளவு நீரும் எவ்வளவு காற்றும் கிடைக்கும் என்பது பெருமளவுக்கு அதைப் பொறுத்தே அமைகிறது.

நீர் ஊற்றி, அது முழுவதும் வடிந்த பின்னும் எந்தத் தொட்டியின் அடியிலும் நீர் நிறைந்த ஓர் அடுக்கு தங்கிவிடும். அதன் உயரம் நாம் நிரப்பும் கலவையைப் பொறுத்ததே தவிர, தொட்டியின் உயரத்தைப் பொறுத்ததன்று. ஆகவே ஒரே தென்னை நார்க்கழிவை 4 செ.மீ. ஆழமுள்ள குழியிலும் 15 செ.மீ. ஆழமுள்ள தொட்டியிலும் நிரப்பினால், குழியின் பெரும்பகுதி ஈரத்தில் ஊறிக் கிடக்கும். தொட்டியிலோ அடிப்பகுதி மட்டுமே அவ்வாறு இருக்கும். இதைக் கண்ணால் காண ஒரு ஸ்பாஞ்ச் போதும். நன்றாக நனைத்து, படுக்கைவாக்கில் பிடித்து, சொட்டுவது நின்ற பிறகு அதையே செங்குத்தாக நிமிர்த்துங்கள். பிழியாமலேயே மறுபடியும் நீர் சொட்டும். தொட்டியின் அடியில் சரளைக்கல் பரப்பினால் வடிகால் சீராகும் என்ற நம்பிக்கையும் இங்கேதான் பொய்க்கிறது: ஈர அடுக்கு கல்லுக்கு மேலே ஏறி நிற்குமேயன்றிக் குறையாது, வேருக்குரிய இடம்தான் சுருங்கும்.

குழித்தட்டுகள் 50, 72, 98, 128, 200 எனப் பல எண்ணிக்கையில் கிடைக்கின்றன. தட்டின் பரப்பு ஏறத்தாழ ஒன்றே என்பதால், எண்ணிக்கை கூடக்கூடக் குழி சிறுத்து, வெயில் நேரத்தில் விரைவில் காய்ந்தும் போகும். தக்காளி, மிளகாய், கத்தரிக்கு 98 குழிகள் போதுமானவை. நாற்றைச் சற்றுக் கூடுதல் நாள் தட்டிலேயே வைத்திருக்க நேருமானால் 72 நல்லது. வெள்ளரி, பூசணி போன்றவை வேர் கலைவதைப் பொறுக்காதவை. அவற்றுக்கு 50 குழித் தட்டையோ சிறு தொட்டியையோதான் நான் பரிந்துரைப்பேன்.

வாங்குமுன் தட்டைத் திருப்பி, அடித்துளைகளைப் பாருங்கள். துளை தெளிவாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். கீழிருந்து விரலாலோ குச்சியாலோ தள்ளினால் நாற்று வேர்க்கட்டியோடு மேலே வரும் அளவுக்கு அகன்றிருந்தால் இன்னும் நன்று. தட்டைச் சமதளத்தில் வைக்காமல் கம்பி வலை மேசையில் வைத்தால், துளை வழியே எட்டிப் பார்க்கும் வேர்நுனி காற்றுப்பட்டுக் காய்ந்து நின்றுவிட, உள்ளே பக்க வேர்கள் அடர்த்தியாகக் கிளைக்கும். வழவழப்பான வட்டத் தொட்டியில் வேர் சுவரை ஒட்டியே சுற்றிச் சுற்றி வளரும். உட்சுவரில் செங்குத்தான விளிம்புகள் உள்ள தொட்டி அதை ஓரளவு தடுக்கும். தொட்டி மாற்றும்போது ஒரே தாவலில் பெரியதற்குப் போகாமல் அடுத்த அளவுக்கு மட்டும் செல்லுங்கள், ஏனெனில் வேர் எட்டாத கலவையில் ஈரம் நெடுநாள் தங்கி வேரழுகலுக்கு இடம் கொடுக்கும்.

சுட்ட மண் தொட்டி சுவர் வழியாகவும் நீரை இழக்கும். அடிக்கடி நீர் ஊற்றிப் பழகிய கைகளுக்கு அது ஏற்றது. கரும் பிளாஸ்டிக் நேரடி வெயிலில் சூடேறும். பீட் தொட்டியை (சதுப்புநில மட்கில் செய்து, செடியோடு அப்படியே மண்ணில் புதைக்கும் தொட்டி) நடும்போது அதன் விளிம்பு மண்ணுக்கு மேலே தெரியக் கூடாது. தெரிந்தால் அது ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் விட்டுவிடும்.

மெல்லிய தட்டுகள் பலவற்றைவிடத் தடித்த தட்டுகள் சிலவே மேல் என்பது என் உறுதியான கருத்து. அவற்றைக் கழுவி மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். பழைய மண்ணில் தங்கும் பூஞ்சைகளே அடுத்த முறை நாற்றழுகலைக் கொண்டுவருகின்றன. எனவே முதலில் மண்ணை முற்றிலும் தேய்த்துக் கழுவி, பிறகு 1 பங்கு வீட்டு உபயோக பிளீச்சுக்கு 9 பங்கு நீர் சேர்த்த கரைசலில் 10 நிமிடம் ஊறவைத்து, நல்ல நீரில் அலசிக் காயவையுங்கள். மண் ஒட்டியிருந்தால் பிளீச்சின் வீரியம் அதிலேயே வீணாகிவிடும். காய்ந்த தட்டுகளை வெயில் படாத இடத்தில் அடுக்குங்கள். புற ஊதாக் கதிரில் நாள்பட்ட பிளாஸ்டிக் கைபட்டதும் நொறுங்கும்.