வரிசை மாறாத ஹாக்ஸ் ஜீன்கள்

ரெண்டு நாளா ஹாக்ஸ் ஜீன்களப் பத்திதான் (கரு வளரும்போது உடம்புல எந்த இடத்துல என்ன வரணும்னு முடிவு பண்ற ஜீன்கள்) படிச்சிட்டு இருக்கேன், மண்டைக்குள்ள வேற எதுவுமே ஓட மாட்டேங்குது. மனுஷனுக்கு மொத்தம் 39 ஹாக்ஸ் ஜீன், ஏ பி சி டி-ன்னு நாலு கூட்டமா பிரிஞ்சு 7, 17, 12, 2ஆம் குரோமோசோம்கள்ல இருக்கு. இதுங்க தயாரிக்கிற புரோட்டீன்லாம் மத்த ஜீன்கள ஆன் பண்ணும், ஆஃப் பண்ணும். ஒவ்வொண்ணுலயும் 60 அமினோ அமிலம் நீளத்துக்கு ஒரு துண்டு இருக்கு, அதுதான் டிஎன்ஏவ புடிச்சுக்குற பகுதி.

ஆனா என்னை அசத்துனது அந்த வரிசைதான். 1ல இருந்து 13 வரைக்கும் நம்பர் (எந்தக் கூட்டத்துலயும் 13ம் முழுசா கிடையாது, அங்கங்க சிலது இல்ல). குரோமோசோம்ல எந்த வரிசையோ, கரு வளரும்போது உடம்புலயும் அதே வரிசையிலதான் வேலை செய்யுதுங்க, சின்ன நம்பர் தலைப்பக்கம் ஆரம்பிக்கும், 13 கடைசிப் பக்கம். இத முதல்ல பழ ஈயில கண்டுபுடிச்சவர் எட்வர்ட் லூயிஸ், வருஷக்கணக்கா ஈயவே வளத்து வளத்து பாத்த மனுஷன், 1995ல நோபல் குடுத்தாங்க, குடுக்காம இருந்திருந்தாத்தான் தப்பு.

எலியில மூணு கூட்டத்துல இருக்குற 10ஆம் நம்பர் ஜீன் மூணையும் சேத்து செயலிழக்க வச்சப்போ என்னாச்சு தெரியுமா, இடுப்புப் பக்க முதுகெலும்புலயும் விலா எலும்பு முளைச்சிருச்சு! அப்படின்னா "இங்க விலா வேணாம்"னு தடுத்துட்டு இருந்ததே அந்த 10தான். இதப் படிச்சிட்டு இடுப்புல கை வச்சு தடவிப் பாத்தேன், எலும்பில்லாம மெத்துனு இருக்குற அந்த இடம் கூட ஒரு புரோட்டீன் பாத்த வேலைன்னு நெனச்சா சிலிர்க்குது.

கைவிரல் கதை இன்னும் நுணுக்கம். ஹாக்ஸ் டி13 புரோட்டீன்ல அலனின்ங்குற அமினோ அமிலம் தொடர்ந்து 15 தடவ வரும். சில குடும்பங்கள்ல அது 7 தடவையோ அதுக்கும் மேலயோ கூடிருது, அவங்களுக்கு நடுவிரலும் மோதிரவிரலும் ஒட்டி, இடையில இன்னொரு விரலே இருக்கும். கூடுதல் எண்ணிக்கை ஏற ஏற பாதிப்பும் பொதுவா ஏறுது. இந்த எண்ணிக்கை தலைமுறை மாறுனாலும் பெரும்பாலும் மாறுறதில்ல, பாட்டிக்கு 7 கூடன்னா பேரனுக்கும் அதே 7தான், ஆனா பாட்டி கையும் பேரன் கையும் ஒரே மாதிரி இருக்கணும்னு இல்ல.