ஆம்பியன்ட்ல புதுசு தேடணுமா, பேரைப் பிடிச்சுட்டு போங்க

புது ஆம்பியன்ட் (பாட்டு, தாளத்தை விட சத்தமும் சூழலும் முக்கியமா இருக்குற மெதுவான இசை), எலக்ட்ரானிக் ஆல்பமெல்லாம் எங்கருந்துடா புடிக்கிறனு ஃப்ரெண்ட்ஸ் அடிக்கடி கேக்குறாங்க, நானும் வாட்ஸப்ல ரெண்டு லிங்க் அனுப்பிட்டு விட்டுடுவேன். ஆனா ரெண்டு லிங்க் ரெண்டு நாளைக்குத்தான் வரும். எப்படி தேடுறதுனு தெரிஞ்சா வருஷக்கணக்குல கேக்குறதுக்கு இருக்கு, அதனால ஒரு தடவை உக்காந்து முழுசா எழுதிடலாம்னு இந்த போஸ்ட்.

முதல்ல ஸ்ட்ரீமிங் ஆப்ல தூங்குறதுக்கு, படிக்கிறதுக்கு, தியானத்துக்குனு தனித்தனியா பிளேலிஸ்ட் இருக்கு பாருங்க, அதை விட்டு வெளிய வரணும். ரெண்டு மணி நேரம் ஓடும், முடிஞ்சதும் யார் வாசிச்சாங்கனு ஒரு பேரு கூட மனசுல நிக்காது. 2024 மார்ச்ல ஸ்வீடன் பேப்பர் டாகென்ஸ் நிஹேட்டர்ல ஒரு செய்தி வந்துச்சு, யோஹான் ரோர்னு ஒரே ஒரு கம்போசர் 650க்கும் மேல வேற வேற பேருல ஸ்பாட்டிஃபைல டிராக் போட்டிருக்காருனு, அதுல நிறைய இந்த மாதிரி அமைதியான பிளேலிஸ்ட்ல ஓடுறதுதான். அவர் இசை நல்லாருக்கா இல்லையாங்கறதுக்கு நான் வரல. எனக்கு வருத்தம் என்னன்னா, ஒரு டிராக் புடிச்சுப்போய் யாரு இவரு, வேற என்ன பண்ணிருக்காரு, கூட யார் வாசிச்சாங்கனு தேடிப்போனா அங்க ஆளே இல்ல, நூல் அங்கயே அறுந்துடுது. அதே 2024லருந்து ஸ்பாட்டிஃபைல ஒரு டிராக் 12 மாசத்துல 1,000 தடவையாவது ஓடினாத்தான் காசுனு வேற ஆயிடுச்சு, ஊருக்கு ஒதுக்குப்புறமா ஒரு ரூம்ல உக்காந்து டேப் லூப் (ஒரே துண்டு டேப்பை வளையமா ஒட்டி திரும்பத் திரும்ப ஓட விடுறது) வெச்சு ஆல்பம் பண்றவங்களுக்கு அந்த 1,000ங்கறது சின்ன நம்பர் இல்லங்க.

பேரைப் பிடிச்சுட்டு போறது நமக்கு ஒண்ணும் புதுசு இல்ல. ரஹ்மான் கேசட்டோட உள்ளட்டைல வாத்தியக்காரங்க பேரு, சவுண்ட் இன்ஜினியர் பேரெல்லாம் போட்டிருப்பாங்க, எச்.ஸ்ரீதர்னு ஒருத்தர் இருக்காருனு நம்மள்ல பல பேருக்கு தெரிஞ்சதே அதுலருந்துதான், புல்லாங்குழல் யாருனு பாத்து அவர் வேற எந்தப் படத்துல வாசிச்சிருக்காருனு தேடின ஆளுங்க நாம. ஆம்பியன்ட்லயும் அதையேதான் பண்ணணும், இன்னும் கேட்டா இங்க அது இன்னும் நல்லா வேலை செய்யும், ஏன்னா இது சின்ன உலகம், ஒருத்தர் கம்போஸ் பண்ணுவாரு, அவரே லேபிள் (ஆல்பம் வெளியிடுற கம்பெனி) நடத்துவாரு, மத்தவங்க ஆல்பத்துக்கு மாஸ்டரிங்கும் (ரிலீஸுக்கு முன்னாடி சத்தத்தை கடைசியா சீர் பண்ற வேலை) அவரே பண்ணித் தருவாரு.

மாஸ்டரிங் கிரெடிட்டுதான் நான் முதல்ல பாக்குறது. ஆல்பம் பேஜ்ல கீழ பொடி எழுத்துல இருக்கும், யாரும் படிக்க மாட்டாங்க. எனக்குப் புடிச்ச, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத ஆல்பங்கள்ல டெய்லர் டுப்ரீங்கற பேரு திரும்பத் திரும்ப வந்துட்டே இருந்துச்சு. சத்தத்தை ஏத்தாம, ஓரத்துல இருக்குற சின்னச் சின்ன சரசரப்பையெல்லாம் கெடுக்காம விடுற ஆளு. அவர் யாருனு போனா, 1997லருந்து 12கேனு ஒரு லேபிள் நடத்துறாரு, அங்க மார்கஸ் ஃபிஷர், ஃபெடரிகோ டுராண்ட்னு ஒரு பட்டாளமே இருக்கு. அவரே 2002ல 'ஸ்டில்'னு ஒரு ஆல்பம் போட்டாரு, லூப் மேல லூப்பா கம்ப்யூட்டர்ல செஞ்சது, மனுஷன் வாசிக்கிறதுக்குனு எழுதினது இல்ல. 2024ல பாத்தா அதே ஆல்பத்தை ஜோசஃப் பிரான்சிஃபோர்ட்டேனு ஒருத்தர் காதால கேட்டு நோட்டேஷனா எழுதி, கிளாரினெட், செல்லோ, வைப்ரஃபோன்னு நிஜ வாத்தியக்காரங்களை வெச்சு வாசிக்க வெச்சு ரிலீஸ் பண்ணிருக்காங்க. ரெண்டையும் அடுத்தடுத்து கேளுங்க. கம்ப்யூட்டர்ல சும்மா சுத்திட்டே இருந்த லூப்பை இங்க ஒரு ஆளு மூச்சை இழுத்துப் புடிச்சு ஊதுறாரு, ஒவ்வொரு சுத்துலயும் ஒரு இம்மி மாறுது, அந்த இம்மியை கேக்குறதுதான் முழு ஆல்பமும். பிரான்சிஃபோர்ட்டே நடத்துற லேபிள் கிரேஃபேட், அதுக்குள்ள போனா தியோ பிளெக்மன்னோட குரலை அப்படியே லைவா எலக்ட்ரானிக்ஸ்ல மாத்தி அவங்க ரெண்டு பேரும் 2019ல பண்ண ஆல்பம் கிடைச்சுது. பாருங்க, பொடி எழுத்துல இருந்த ஒரு பேரு எங்க கொண்டு வந்து விட்டுச்சுனு.

அடுத்தது பேண்ட்கேம்ப், இசைக்காரங்ககிட்டயும் லேபிள்கிட்டயும் நேரா ஆல்பம் வாங்குற வெப்சைட். இதுல ஆல்பம் வாங்குறதை விட முக்கியமா நான் பாக்குற இடம் ஒண்ணு இருக்கு, ஆல்பம் அட்டைப்படத்துக்குக் கீழ வாங்கினவங்களோட குட்டிப் படங்கள் வரிசையா இருக்கும், சில பேரு எந்த டிராக் புடிச்சுதுனு ரெண்டு வரி எழுதிருப்பாங்க. அந்த ரெண்டு வரி நல்லா எழுதினவரோட படத்தை அமுக்குங்க, அவர் இதுவரைக்கும் வாங்கின மொத்த கலெக்ஷனும் வரும். நீங்க ஏற்கனவே வெச்சிருக்குற ஆல்பம் அதுல அஞ்சாறு இருந்துச்சுன்னா, மிச்சம் இருக்குறதுல பாதி உங்களுக்கு புடிக்கும், நான் இதை எத்தனையோ தடவை பண்ணிப் பாத்துட்டேன். காசு கொடுத்து வாங்கின லிஸ்டுங்கறதால அதுல ஒரு உண்மை இருக்கு.

லாஸில்ங்கற பேருல வர்ற வான்கூவர்காரர் ஸ்காட் மோர்கனோட 'கிளாரா' ஆல்பம் (2021) அப்படி ஒருத்தர் கலெக்ஷன்லருந்து வந்ததுதான். புடாபெஸ்ட்ல 22 பேர் ஸ்ட்ரிங் ஆர்கெஸ்ட்ரா வெச்சு மூணு நிமிஷ பீஸ் ஒண்ணு ரெக்கார்ட் பண்ணாங்க, அதை ஒரு 7 இன்ச் இசைத்தட்டுல வெட்டினாங்க, அப்புறம் அந்தத் தட்டைக் கீறி, தேய்ச்சு, பாடாப்படுத்தி, அதுலருந்து வர்ற சத்தத்தை எடுத்து முழு ஆல்பத்தையும் கட்டிருக்காரு. தட்டு தேஞ்ச கரகரப்பு கீழ ஓடிட்டே இருக்க, மேல வயலின் கூட்டம் மூடுபனி மாதிரி நகரும். ஹெட்ஃபோன்ல கேளுங்க, இல்லன்னா நம்ம வீட்டு ஃபேன் சத்தத்துல கீழ் ஸ்வரமெல்லாம் காணாமப் போயிடும்.

அது வந்தது கிராங்கினு சிகாகோல 1993ல ஆரம்பிச்ச லேபிள்லருந்து. ஸ்டார்ஸ் ஆஃப் த லிட், டிம் ஹெக்கர், குரூப்பர் எல்லாம் இங்கதான். குரூப்பரோட 2014 ஆல்பம் 'ரூயின்ஸ்' பத்தி சொல்லாம போக மனசு வரல. போர்ச்சுகல்ல அல்ஜெசூர்ங்கற ஊர்ல 2011ல தங்கியிருந்தப்போ ஒரு பியானோவும் ஒரு சின்ன 4-டிராக் ரெக்கார்டரும் வெச்சு பண்ணது, ஒரு டிராக் முடியறப்போ திடீர்னு ஒரு பீப் சத்தம் கேக்கும், அது என்னன்னா போன கரண்ட் திரும்ப வந்ததும் மைக்ரோவேவ் அடிச்ச பீப், அதை அவங்க வெட்டாம அப்படியே விட்டுட்டாங்க. கரண்ட் போய்ப் போய் வர்ற ஊர்ல வளந்த நமக்கு அந்த பீப் எப்படி உள்ள இறங்கும்னு சொல்லணுமா என்ன. தவளை சத்தமும் மழையும் கூட வரும்.

பேண்ட்கேம்ப்ல வாங்குறதுக்கு ஒரு நாள் இருக்கு, பேண்ட்கேம்ப் ஃப்ரைடே, கொரோனா ஆரம்பத்துல 2020 மார்ச் 20ல ஆரம்பிச்சது. மத்த நாள்ல டிஜிட்டல் ஆல்பத்துக்கு 15 சதவீதம் எடுத்துக்குவாங்க, அன்னைக்கு அந்த பங்கை விட்டுக்கொடுத்துடுவாங்க. அமெரிக்கா மேற்குக் கரை நேரம் கணக்குங்கறதால நமக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் 12:30க்கு ஆரம்பிச்சு சனிக்கிழமை அதே நேரம் வரைக்கும் ஓடும், அவங்க ஊரு குளிர்காலத்துல 1:30. எல்லா மாசமும் வராது, தேதி முன்னாடியே சொல்லிடுவாங்க. உங்க கார்டுல வெளிநாட்டு ஆன்லைன் பேமென்ட் ஆஃப்ல இருக்கலாம், பேங்க் ஆப்ல போய் ஆன் பண்ணிக்கங்க. பேண்ட்கேம்ப் 2022ல எபிக் கேம்ஸ் கைக்குப் போயி, 2023ல சாங்டிராடர் கைக்கு மாறினப்போ வேலை பாத்தவங்கள்ல பாதிப் பேரு வேலை போச்சு, அது எனக்கு இன்னும் உறுத்துது, ஆனாலும் தரம் குறையாத ஃப்ளாக் ஆடியோ ஃபைலா இறக்கி நம்ம ஹார்ட் டிஸ்க்ல வெச்சுக்குற மாதிரி இசைக்காரருக்கு நேரா காசு போற இடம் இவ்வளவு பெருசா வேற இல்ல. புடிச்ச லேபிளை ஃபாலோ பண்ணி வெச்சுட்டா புது ரிலீஸ் வந்த அன்னைக்கே மெயில் வந்துடும்.

ரேடியோவும் கேளுங்க. லண்டன்ல 2011ல ஆரம்பிச்ச என்டிஎஸ்ல ஷோ முடிஞ்சதும் என்னென்ன போட்டாங்கனு டிராக்லிஸ்ட் பேஜ்லயே இருக்கும், புடிச்ச இடத்துல நேரத்தைக் குறிச்சு வெச்சுட்டு அப்புறம் லிஸ்டோட ஒத்துப் பாக்குறது என் பழக்கம். சான் ஃபிரான்சிஸ்கோ சோமாஎஃப்எம்ல ட்ரோன் ஸோன்னு ஒரு சேனல், விளம்பரமே கிடையாது, கேக்குறவங்க கொடுக்குற காசுலதான் ஓடுது.

இன்னொண்ணு, புது ரிலீஸ்னா இந்த வருஷம் செஞ்சதாத்தான் இருக்கணும்னு கட்டாயம் இல்ல. கடந்த பத்து வருஷத்துல வந்த நல்ல புது ரிலீஸ்ல ஒரு பங்கு பழசு. ஜப்பான்ல ஹிரோஷி யோஷிமுரா 1982ல வெளியிட்ட, டோக்கியோ ஹாரா மியூசியத்துல ஓட விட்ட ஒன்பது குட்டி பீஸ், கீபோர்டு மட்டும்தான், ஜன்னலுக்கு வெளிய தெரியற மேகம், மரநிழல் இதையெல்லாம் பாத்து எழுதினது, 2017ல மறுபடி வெளியிட்டப்போதான் ஜப்பானுக்கு வெளிய பல பேரு கேட்டாங்க. மனுஷன் 2003லயே போயிட்டாரு.

நம்ம நாட்டுலயும் அப்படி ஒரு புதையல் இருந்திருக்கு, அதை நெனச்சா எனக்கு இன்னும் சிலிர்க்கும். அகமதாபாத் என்ஐடில, டிசைன் காலேஜ்ல, 1969ல அமெரிக்க இசைக்காரர் டேவிட் டியூடர் ஒரு மூக் சிந்தசைசரை (மின்சாரத்துல சத்தம் உருவாக்குற வாத்தியம்) கொண்டு வந்து செட் பண்ணிக் கொடுத்திருக்காரு. கீதா சாராபாய், ஐ.எஸ்.மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி.ஷர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுராங்கறவங்க அதுல 1972 வரைக்கும் வாசிச்சு டேப்ல பதிஞ்சு வெச்சிருக்காங்க. அந்த டேப் எல்லாம் காலேஜ் ஆர்க்கைவ்லயே கிடந்துச்சு, பால் பர்கஸ்ங்கறவர் தேடிக் கண்டுபிடிச்சு 2023ல ஆல்பமா வந்துச்சு. ஒரு மெஷின் முன்னாடி முதல் தடவை உக்காந்து இது என்னதான் பண்ணும்னு ஒவ்வொரு குமிழா திருப்பிப் பாக்குற ஆர்வம் அந்த சத்தத்துலயே கேக்கும். கீதா சாராபாய் யாருன்னா, 1946ல நியூயார்க் போயி அமெரிக்க கம்போசர் ஜான் கேஜுக்கு நம்ம சங்கீதம் சொல்லிக் கொடுத்தவங்க.

சரண்ஜித் சிங்கை விட முடியுமா. பம்பாய் சினிமால கிட்டார் வாசிச்சிட்டிருந்தவரு, 1982ல ரோலண்ட் மெஷின் மூணை வெச்சு பத்து ராகத்தை டிஸ்கோ பீட்ல போட்டாரு, அப்ப யாரும் கண்டுக்கல, 2010ல மறுபடி வந்தப்போ ஐரோப்பாவே ஆடிப்போச்சு, சிகாகோல ஆசிட் ஹவுஸ்ங்கற எலக்ட்ரானிக் நடன இசை வர்றதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே இந்த சத்தமானு. மால்கௌன்ஸ் டிராக் போடுங்க, ஹிந்தோளம் கேட்டு வளந்த காது உடனே பிடிச்சுக்கும், கீழ அந்த ரோலண்ட் 303 பேஸ் மெஷின் குழைஞ்சுட்டே போறப்போ கமகம் மாதிரியே இருக்கும்.

இந்த வழில இப்ப வேலை பண்றவங்கள்ல அருஷி ஜெயின் முக்கியம். மாடுலர் சிந்தசைசரும் குரலும். 2021ல 'அண்டர் த லைலாக் ஸ்கை', சாயங்காலம் கேக்கணும்னே செஞ்சது, 2024ல பாகேஸ்ரீ ராகத்தை வெச்சு 'டிலைட்'. ரெண்டும் லாஸ் ஏஞ்சலஸ் லீவிங் ரெக்கார்ட்ஸ், அந்த லேபிள் கேட்டலாகும் தோண்டத் தோண்ட வந்துட்டே இருக்கும்.

கேக்குறதுல ஒரே ஒரு விஷயம், முப்பது செகண்ட் ப்ரிவ்யூ கேட்டு ஆம்பியன்ட் ஆல்பத்தை ஒதுக்காதீங்க, இதுல முதல் மூணு நிமிஷம் பல சமயம் வாசல் மட்டும்தான். ஒரு தடவை வேலை பாத்துட்டே ஓட விடுங்க, இன்னொரு தடவை எதுவும் பண்ணாம கேளுங்க, ரெண்டாவது தடவைல புதுசா ஒரு சத்தம் காதுல விழுந்துச்சுன்னா வாங்குங்க. நான் அப்படித்தான் முடிவு பண்றேன்.

இப்போதைக்கு நான் உள்ள இறங்கியிருக்குறது பிரிஸ்பேன்ல லாரன்ஸ் இங்கிலிஷ் 2000லருந்து நடத்துற ரூம்40, அவரும் கம்போசர், அவரும் மாஸ்டரிங் பண்றவர், ரிலீஸ் வந்துட்டே இருக்குறதால விஷ்லிஸ்ட் கொஞ்சம் நீண்டு போச்சு. அதுலருந்து மூணு நாலு அடுத்த பேண்ட்கேம்ப் ஃப்ரைடே அன்னைக்கு வாங்கிடுவேன், நல்லா கேட்டுட்டு அதைப் பத்தி தனியா எழுதுறேன்.