பாட்டிமார் பெஞ்சும் நான்கு கட்டுரைகளும்

ஓர் ஆராய்ச்சியாளரின் கட்டுரைப் பட்டியல் கைக்கு வந்ததும் எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள் என்று எண்ணத் தொடங்கிவிடுகிறோம். அதைவிட, ஒரே கேள்வியை எத்தனை ஆண்டு விடாமல் துரத்தியிருக்கிறார் என்று பார்ப்பது பயன் தரும். எச்.ஐ.வி.யும் மனநலமும் சந்திக்கும் இடத்தில் இதற்கு நல்ல உதாரணம், ஜிம்பாப்வே மனநல மருத்துவர் டிக்ஸன் சிபாண்டா தொடங்கிய ‘ஃப்ரெண்ட்ஷிப் பெஞ்ச்’.

ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேயின் ம்பாரே பகுதியில் 2006இல் ஆரம்பித்த வேலை இது. சுகாதாரப் பணியாளர்களாக இருந்த 14 பாட்டிமார், கிளினிக் வளாகத்தில் ஒரு மரப் பெஞ்சு, ஆறு அமர்வுகள். பெஞ்சுக்கு வருபவர்களின் மனச்சுமையை அங்கே பேசும் ஷோனா மொழியில் ‘குஃபுங்கிசிசா’ என்பார்கள், அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். வந்தவரின் பிரச்சினைகளை முதலில் கொட்டவிட்டு, அவற்றில் ஒன்றை மட்டும் அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, அதற்குச் செய்யக்கூடிய ஒரு வழியோடு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். எல்லாப் பிரச்சினையையும் ஒரே நாளில் தீர்க்கப் பார்ப்பதில்லை.

2011இல் வந்த முன்னோட்டக் கட்டுரையில் 320 பேர். மனச்சோர்வையும் பதற்றத்தையும் கண்டறியும் எஸ்.எஸ்.க்யூ-14 என்ற ஷோனா கேள்வித்தாளில் (மதிப்பெண் கூடினால் நிலை மோசம்) அவர்களின் சராசரி மதிப்பெண் 11.3இலிருந்து 6.5 ஆக இறங்கியது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒப்பிட இன்னொரு குழு இல்லை. மனநிலை மிக மோசமாக இருக்கும் நாளில் ஒருவரைச் சேர்த்தால், ஒன்றுமே செய்யாவிட்டாலும் சில மாதத்தில் மதிப்பெண் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்.

2016இல் இரண்டு கட்டுரைகள் வந்தன. பலரும் தாண்டிப் போவது அந்த எஸ்.எஸ்.க்யூ-14 கேள்வித்தாளைச் சரிபார்த்த கட்டுரையை. முதலில் அதைத்தான் படிக்க வேண்டும். எச்.ஐ.வி. அதிகமுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் 264 பேரை முறையான மருத்துவ நேர்காணலோடு ஒப்பிட்டார்கள். 9 மதிப்பெண்ணை வெட்டுப்புள்ளியாக வைத்தால் மனச்சோர்வோ பதற்ற நோயோ உள்ளவர்களில் 84% பேரைப் பிடிக்கிறது, இல்லாதவர்களில் 73% பேரைச் சரியாக விலக்குகிறது. இந்த மனநோய்கள் 30% பேருக்கு இருக்கும் இடத்தில் 100 பேரிடம் கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 44 பேர் ‘இருக்கிறது’ பக்கம் விழுவார்கள், அதில் 19 பேருக்கு நோய் இருக்காது. யாரைப் பெஞ்சுக்கு அனுப்பலாம் என்று முடிவெடுக்க இது போதும். நோய் இத்தனை சதவீதம் என்று அறிக்கை எழுத இதை எடுத்தால் கணக்கு வீங்கிவிடும்.

மனச்சோர்வை அளக்கும் பி.ஹெச்.க்யூ-9 என்ற இன்னொரு கேள்வித்தாளில் வேறு சிக்கல். தூக்கம், சோர்வு, பசி என்று அதன் ஒன்பதில் மூன்று கேள்விகள் உடலைப் பற்றியவை. சிகிச்சை எடுக்காத எச்.ஐ.வி.யும் காசநோயும் இந்த மூன்றையும் தரும். எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மாத்திரை தூக்கத்தைக் கெடுத்துக் கெட்ட கனவுகளையும் கொண்டுவரும். அதனால் ஒரு கட்டுரையில் மதிப்பெண் இறங்கியிருந்தால், அந்த இடைவெளியில் மாத்திரை மாறியதா என்று முறைகள் பகுதியில் தேடுங்கள். பல கட்டுரைகளில் அந்த வரியே இருப்பதில்லை.

அதே 2016 டிசம்பரில் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்தது பெரிய கட்டுரை. 24 கிளினிக்குகள், 573 பேர். 41.7% பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. ஆறு மாதத்தில் எஸ்.எஸ்.க்யூ-14இல் பெஞ்சுக் குழுவின் சராசரி 3.81, வழக்கமான கவனிப்பைச் சற்றுக் கூட்டிக் கொடுத்த குழுவுக்கு 8.90. சேரும்போது எல்லோரும் 9க்குக் குறையாமல் இருந்தவர்கள் என்பதால், ஒப்பீட்டுக் குழுவும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. முன்னோட்டத்தின் வீழ்ச்சியில் ஒரு பங்கு பெஞ்சுடையது அல்ல என்று இதிலிருந்தே தெரியும். இரு குழுக்களுக்கும் இடையிலான இடைவெளிதான் பெஞ்சுடையது, அது பெரியது. தற்கொலை எண்ணம் உறுதியாக இருந்தவர்களை ஆய்வில் சேர்க்கவில்லை. எனவே இந்த எண்களைக் காட்டி அத்தகையவர்களைப் பெஞ்சோடு நிறுத்திவிடக் கூடாது, உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

எனக்கு இவற்றில் மிக மதிப்புள்ளதாகப் படுவது 2023இல் ஜாமா நெட்வொர்க் ஓப்பனில் வந்தது. கிராமப்புறம், ஏ.ஆர்.டி. என்ற எச்.ஐ.வி. சிகிச்சை மாத்திரை எடுக்கும் 516 பேர். மனச்சுமை குறைந்தால் மாத்திரையை ஒழுங்காகப் போடுவார்கள், வைரஸ் அடங்கும் என்பது இத்துறையில் எல்லோரும் நம்பும் சங்கிலி. வாய்ச்சொல்லை நம்பாமல், திறக்கும் நேரத்தைப் பதியும் மின்னணு மூடி போட்ட டப்பாவில் அளந்தார்கள். மனநல மதிப்பெண் மேம்பட்டது. மாத்திரை எடுப்பதிலும் வைரல் லோடிலும் (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) பெஞ்சால் வித்தியாசம் தெரியவில்லை.

பெஞ்சு பயனற்றது என்று இதைப் படித்தால் தவறு. வைரஸ் அடங்குவதற்கான வாய்ப்பு விகிதம் (odds ratio; 1 என்றால் இரு குழுக்களுக்கும் வித்தியாசமில்லை) 2.03, ஆனால் உண்மை விடை எங்கே இருக்கலாம் என்று காட்டும் நம்பக இடைவெளி 0.19 முதல் 21.40 வரை. 516 பேரை வைத்தும் இடைவெளி இவ்வளவு அகலமாக வருகிறதென்றால், வைரஸ் அடங்காதவர்கள் மிகச் சிலரே இருந்திருக்க வேண்டும். ஏற்கெனவே அடங்கிய வைரஸை இன்னும் எப்படி அடக்குவது? இந்தக் கேள்விக்கு விடை வேண்டுமென்றால் வைரல் லோடு 1,000க்கு மேல் இருப்பவர்களை மட்டும் தேடிச் சேர்க்க வேண்டும். அவர்களில் பலர் கிளினிக் பக்கமே ஒழுங்காக வராதவர்கள். பெஞ்சோ கிளினிக் வளாகத்துக்குள் கிடக்கிறது.