வைஃபை அட்டை போய்விட்டது என்றார்கள், போதாதது கர்னல்

2025 மே மாதம். கல்லூரியில் சேரவிருந்த அக்காள் மகளுக்கு வாங்கிய புது மடிக்கணினியில் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவ உட்கார்ந்தேன். பென் டிரைவில் ஐஎஸ்ஓ (நிறுவல் கோப்பு) எழுதுவது, பூட் வரிசையை மாற்றுவது எல்லாம் வழக்கம்போல முடிந்தன. நெட்வொர்க் கட்டத்தில் நின்றது. வைஃபை அட்டை ஒன்று உள்ளே இருப்பதாகவே இன்ஸ்டாலர் ஒப்புக்கொள்ளவில்லை. மெல்லிய மாடல் என்பதால் லேன் கம்பி செருகவும் இடமில்லை.

அக்னி நட்சத்திர வெயிலில் சத்துவாச்சாரியிலிருந்து பஸ் ஏறி, வேலூரில் உள்ள ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் மூடியைக்கூடக் கழற்றவில்லை. திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "டெபியன் 12-இல் ஃபர்ம்வேர் எல்லாம் கூடவே வருகிறது சார். அப்படியும் வரவில்லை என்றால் அட்டை போய்விட்டது, மாற்ற வேண்டியதுதான்" என்றார். முந்தைய நாள் இரவுவரை அதே அட்டை விண்டோஸில் ஒழுங்காக ஓடியதைச் சொன்னேன். காதில் வாங்கவில்லை. சோதனைக் கட்டணம் என்று ரசீது மட்டும் உடனே கிழித்தார். வீட்டுக்கு வந்தால், "விண்டோஸையே திரும்பப் போட்டுவிடலாமே மாமா" என்கிறாள் பெண். அதற்குப் பிறகு விடுவதாக இல்லை.

அவர் சொன்னதில் பாதி சரி. 12-ஆம் பதிப்பிலிருந்து நிறுவனங்களின் தனியுடைமையான ஃபர்ம்வேரும் அதிகாரபூர்வ ஐஎஸ்ஓவிலேயே வருகிறது. ஆனால் ஃபர்ம்வேர் என்பது சிப்புக்குள் ஏற்றப்படும் நிரல். அதை ஏற்றி அட்டையை ஓட்ட வேண்டிய டிரைவர், இயங்குதளத்தின் மையமான கர்னலில் இருக்க வேண்டும். டிரைவர் இல்லாவிட்டால் ஃபர்ம்வேர் வட்டில் சும்மா கிடக்கும்.

செல்பேசியை யூஎஸ்பி கேபிளில் செருகி, அதன் இணையத்தைக் கணினிக்குப் பகிரும் டெதரிங்கை இயக்கினேன். இன்ஸ்டாலர் அதைக் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொண்டது. நெட்வொர்க் தேடும் கட்டத்துக்கு முன்பே டெதரிங்கை இயக்கிவிடுங்கள். டேட்டா இருப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள், டெஸ்க்டாப் தொகுப்புகள் நிறைய விழுங்கும். நிறுவி முடித்ததும், உள்ளிருக்கும் அட்டைகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிசிஐ' கட்டளையைக் 'கே' விருப்பத்தோடு ஓட்டினேன். ரியல்டெக் ஆர்டிஎல்8852பிஇ என்று பெயர் வந்தது. அதன் கீழே, எந்த டிரைவர் இயங்குகிறது என்று காட்டும் வரியே இல்லை. அட்டை பிழைத்திருக்கிறது, ஓட்டத்தான் ஆளில்லை.

டெபியன் 12 வெளியானது 2023 ஜூனில். அதன் கர்னல் 6.1, 2022 டிசம்பரைச் சேர்ந்தது. இந்தச் சிப்புக்கான டிரைவர் நுழைந்ததோ 6.2-இல், 2023 பிப்ரவரியில். ஒரே ஒரு படியில் தவறிவிட்டது. டெபியன் 12-க்கு எத்தனை திருத்த வெளியீடுகள் வந்தாலும் கர்னல் 6.1 வரிசையிலேயே நிற்கும். ஆகவே புதிதாக இறக்கிய ஐஎஸ்ஓ என்பதற்காக மகிழ வேண்டாம். உள்ளே இருக்கும் கர்னல் எண்ணை உங்கள் வன்பொருளின் வயதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உபுண்டு 22.04 சர்வர் பதிப்பின் தொடக்கப் பட்டியலில் வழக்கமான கர்னல், புதிய வன்பொருளுக்கான கர்னல் என்று இரண்டு வழிகள் உண்டு. டெபியன் 12 இன்ஸ்டாலரில் அந்த வசதி இல்லை.

வழி பேக்போர்ட்ஸ், அதாவது புதிய தொகுப்புகளை இப்போதுள்ள டெபியன் பதிப்புக்கு ஏற்பத் தரும் கிளை. தொகுப்புகளை எங்கிருந்து இறக்குவது என்று சொல்லும் மூலப் பட்டியலில் அதற்கான வரியைச் சேர்த்தால் மட்டும் போதாது. எந்தக் கிளையிலிருந்து எடுக்க வேண்டும் என்று தொகுப்புகளை நிறுவும் ஆப்டிடம் வெளிப்படையாகச் சொன்னால்தான் எடுக்கும். 6.12 கர்னலையும் ரியல்டெக் ஃபர்ம்வேரையும் சேர்த்தே அங்கிருந்து இறக்கினேன். மறுபடி பூட் ஆனதும் தெருவில் உள்ள வைஃபை பெயர்களெல்லாம் வரிசையாக வந்து நின்றன. பேக்போர்ட்ஸ் கர்னல் கையொப்பமிடப்பட்டது என்பதால், கையொப்பமில்லாத கர்னலைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைக்கவும் தேவைப்படவில்லை. இணையத்தில் கிடைக்கும் டிரைவர் மூலநிரலைத் தனியாகத் தொகுத்துப் போடச் சிலர் யோசனை சொல்வார்கள். கர்னல் மாறும்போதெல்லாம் அதையும் மறுபடி தொகுக்க வேண்டும், செக்யூர் பூட்டில் சாவி பதியும் வேலை வேறு. எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

காட்பாடியில் நண்பர் நடத்தும் டியூஷன் மையத்தின் பழைய மேசைக்கணினியில் இதற்கு நேர்மாறான தொல்லை. யாரோ கொடுத்த பென் டிரைவில், இணையம் வழியாகவே எல்லாவற்றையும் இழுக்கும் குட்டி ஐஎஸ்ஓ, அதுவும் பழையது. கர்னல் மாட்யூல்கள் (டிரைவர் முதலிய துண்டுகள்) கிடைக்கவில்லை என்று பாதியில் நின்றுவிட்டது. பூட் ஆன கர்னல் ஒரு பதிப்பு, டெபியனின் இணையக் களஞ்சியத்தில் இருந்த மாட்யூல்கள் வேறு பதிப்பு. அதைவிடப் பெரிய நெட்இன்ஸ்ட் ஐஎஸ்ஓவில் அந்த மாட்யூல்கள் கூடவே வருவதால் இந்தச் சிக்கல் எழாது. அதை எழுதிப் போட்டதும் வேலை முடிந்தது.

அந்தக் கணினியில் வல்லுநர் முறையில் போனபோது எந்தக் கர்னலை நிறுவுவது என்று கேட்டது. 'லினக்ஸ்-இமேஜ்-ஏஎம்டி64' என்று பொதுவாக ஒன்று, நடுவே 6.1.0 என்று பதிப்பு எண் ஒட்டிய இன்னொன்று. எண் இருப்பதுதான் துல்லியமானது என்று கை அங்கே போகும், போக விடாதீர்கள். பொதுப் பெயரை எடுத்தால் பாதுகாப்புத் திருத்தத்தோடு எண் மாறி வரும் அடுத்த கர்னல் தானாக இறங்கும். எண் ஒட்டியதை எடுத்தால் அந்த எண்ணிலேயே உட்கார்ந்துவிடும், எச்சரிக்கையும் வராது. அடுத்த கேள்வியில் எல்லா டிரைவர்களையும் சேர்க்கச் சொல்லிவிட்டேன். நாளைக்கு நண்பர் வட்டை வேறு கணினிக்கு மாற்றினாலும் பூட் ஆகும்.

2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் கர்னல் 6.12, அதனால் இந்த அட்டைக்குப் பேக்போர்ட்ஸ் சுற்று இனி வேண்டாம். 12-இலேயே இருப்பவர்கள் புதிய கர்னல் ஏறியதும் பழைய 6.1-ஐ அவசரப்பட்டு நீக்க வேண்டாம். தூங்கி எழுவது, ஒலி, திரை வெளிச்சம் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று சில நாள் பார்த்துவிட்டு நீக்குங்கள். அதுவரை பூட் ஆகும்போது வரும் கிரப் பட்டியலில் அது இருக்கட்டும்.